குமிழியின் தோல்



கரும்பாலையில் வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்தவர்கள் இந்த அவையில் நிச்சயம் இருப்பீர்கள். கொப்பரையில் சாறு சூடேறும்போது, வெண்டைச் செடியின் தண்டை நசுக்கி ஊறவைத்த கொழகொழப்பான தண்ணீரை அதில் ஊற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில் சாற்றில் கலந்திருந்த சக்கைத் தூளும் மண்ணும் அழுக்கும் நுரையோடு நுரையாகத் திரண்டு மேலே வந்து நிற்கும். நீண்ட பிடி போட்ட சல்லடைக் கரண்டியால் அதை வழித்து எடுப்பார்கள். அழுக்கு போகப் போகத்தான் வெல்லம் பொன்னிறமாகும். சிறுவனாக அந்தக் கொப்பரை ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நுரையை மட்டுமே வைத்துக்கொண்டு ஒரு திரவத்தை எப்படிச் சுத்தம் செய்ய முடிகிறது என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது, ஒரு நண்பரின் வீட்டில் பவளத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்த இரவில்தான் விளங்கியது.

தொட்டிக்கு அடியில், அலமாரிக்குள், ஆள் முழங்கால் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் போன்ற கருவி. அதற்குள் பால் போல வெண்மையாகக் குமிழிகள் சுழன்று ஏறின. மேலே கழுத்து குறுகும் இடத்தில் அந்தப் பால் நுரையாகக் கெட்டிப்பட்டு, அங்குலம் அங்குலமாக ஊர்ந்து, விளிம்பைத் தாண்டி ஒரு கிண்ணத்தில் விழுந்தது. கிண்ணத்தில் தேங்கியிருந்தது கடுங்காப்பி நிறத்தில் ஒரு திரவம். மூடியைத் திறந்தால் அழுகல் வாடை. மேலே தொட்டியில் இருந்த தண்ணீரோ கண்ணாடி போலத் தெளிவு. அந்தக் கருவிக்கு புரோட்டீன் ஸ்கிம்மர் என்று பெயர். வெல்லக் கொப்பரையில் நடந்ததேதான் அங்கேயும் நடந்துகொண்டிருந்தது.

இன்று நான் பேச வந்தது அந்தக் குமிழியைப் பற்றித்தான். மீன் தொட்டியில் குமிழி விடுவதைப் பலர் அழகுக்கான ஏற்பாடு என்று நினைக்கிறார்கள். புதையல் பெட்டி திறந்து திறந்து மூட, அதிலிருந்து குமிழி கிளம்பும் பொம்மைகளைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். கடல்நீர்த் தொட்டியில் குமிழிக்கு உள்ள வேலை வேறு. அந்த வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் காற்றைவிட, காற்றும் நீரும் தொட்டுக்கொள்ளும் அந்த மெல்லிய தோல்தான்.

பவளப்பாறை கடலில் எங்கே செழிக்கிறது என்று பாருங்கள். ஆழ்கடலிலிருந்து வரும் அலை முதலில் மோதி உடையும் விளிம்பில். அங்கே ஓயாமல் வெண்நுரை. அலை உடையும்போது காற்று நீருக்குள் அடித்துச் செல்லப்பட்டு, பெரியதும் சிறியதுமாகக் கோடிக்கணக்கான குமிழிகளாகச் சிதறுகிறது. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த கிராண்ட் டீன், டேல் ஸ்டோக்ஸ் என்ற இருவர் 2002-ல் இதை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து அளந்தார்கள். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்பது அங்கே ஓர் எல்லைக்கோடு. அதற்கு மேற்பட்ட குமிழிகளை நீரின் கொந்தளிப்பு உடைத்துக்கொண்டே இருக்கிறது, அதற்குக் கீழே போன குமிழியை உடைக்க அந்தக் கொந்தளிப்புக்கு வலு போதவில்லை. நாம் தொட்டியில் செய்ய முயல்வது இந்த அலைவாயின் ஒரு சிறு துண்டை வீட்டுக்குள் கொண்டுவருவதுதான்.

இதை முதலில் செய்துகாட்டியவர்களில் ஒருவர் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங். 1961-ல் அமெரிக்காவின் 'டிராபிகல் ஃபிஷ் ஹாபியிஸ்ட்' இதழில் அவர் தம் முறையை எழுதினார். இயற்கைக் கடல்நீர், உயிர்கள் ஒட்டி வாழும் பாறை, வெயில், அவற்றோடு ஏர் பம்ப்பிலிருந்து வரும் காற்றுக் குமிழி. வேறு வடிகட்டி கிடையாது. அந்தக் காலத்தில் மேல்நாடுகளில் கடல்மீன் வளர்த்தவர்கள் பாறையையும் பவளத்தையும் வெளுத்துக் காயவைத்து அலங்காரமாக வைத்துக்கொண்டிருந்தார்கள். உயிருள்ள பவளம் அவர்கள் தொட்டிகளில் நிலைக்கவில்லை. பாறைக்குள் இருக்கும் நுண்ணுயிர் கழிவைப் பார்த்துக்கொள்ளும், காற்று நீரைப் பார்த்துக்கொள்ளும் என்று லீ நம்பினார். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. அதே காலகட்டத்தில் ஜெர்மனியில் நுண்குமிழியால் கடல்நீரைச் சுத்தம் செய்யும் ஸ்கிம்மர்கள் உருவாயின. பிறகு பெர்லின் முறை என்று பெயர் பெற்றது இந்த இரண்டின் கூட்டுத்தான்: உயிர்ப்பாறை ஒருபக்கம், ஸ்கிம்மர் மறுபக்கம்.

சரி, குமிழி ஏன் நுண்ணியதாக இருக்கவேண்டும்? இதற்குப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். ஒரு லிட்டர் காற்றை ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள குமிழிகளாக்கினால், எல்லாக் குமிழிகளின் மேற்பரப்பையும் கூட்டினால் 0.6 சதுர மீட்டர் வரும். ஒரு துண்டை விரித்த அளவு. அதே ஒரு லிட்டரை அரை மில்லிமீட்டர் குமிழிகளாக்குங்கள்: 12 சதுர மீட்டர். ஒரு சிறிய அறையின் தரை முழுவதும். காற்றின் அளவு கூடவில்லை, தோல் மட்டும் இருபது மடங்கு.

இன்னொரு ஆதாயம் நேரம். பெரிய குமிழி விருட்டென்று மேலே போய்விடும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் குமிழி நொடிக்கு ஐந்து மில்லிமீட்டர்தான் ஏறும். அரை மீட்டர் உயரம் ஏற ஒன்றரை நிமிடம் ஆகும். அதையும் பாதியாக்கினால் ஆறு நிமிடத்துக்கு மேல் நீரிலேயே மிதந்து திரியும். அதாவது தோலும் பெரிது, நீரோடு பழகும் நேரமும் நீளம்.

இங்கே உப்பு நமக்குச் செய்யும் ஓர் உதவியைச் சொல்லாமல் போக முடியாது. சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒருமுறை குமிழி விடும் கல்லான ஏர் ஸ்டோன் வாங்கப் போனேன். நல்லதாகக் கொடுங்கள், நுண்ணிய குமிழி வேண்டும் என்றேன். கடைக்காரர் ஒரு சாதாரணக் கல்லை எடுத்துக் கையில் வைத்தார். "சார், இதுவே போதும். நல்ல தண்ணில போட்டா கோலிக்குண்டு மாதிரி வரும். உப்புத் தண்ணில போட்டுப் பாருங்க, பால் மாதிரி பொங்கும்" என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு பாட்டில்களில் செய்துபார்த்தேன். அவர் சொன்னது அப்படியே உண்மை. நீங்களும் இன்றிரவே செய்யலாம்: ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர், மற்றதில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு, இரண்டிலும் ஒரே கல், ஒரே பம்ப்.

நன்னீரில் இரண்டு குமிழிகள் மோதினால் ஒட்டிக்கொண்டு பெரிய குமிழியாகிவிடுகின்றன. உப்பு நீரில் மோதினாலும் ஒட்டாமல் விலகுகின்றன. கல்லிலிருந்து கிளம்பிய குமிழி கிளம்பிய அளவிலேயே கடைசிவரை போகிறது. ஆஸ்திரேலியாவில் கிரெய்க், நின்ஹாம், பேஷ்லி என்ற மூவர் 1993-ல் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். லிட்டருக்குச் சில கிராம் உப்பு சேர்ந்தாலே இந்தத் தடை தொடங்கிவிடுகிறது; கடல்நீரில் அதைப்போலப் பல மடங்கு உப்பு இருக்கிறது. எல்லா உப்புகளும் இப்படிச் செய்வதில்லை, சில செய்கின்றன, சில செய்வதில்லை. அதன் காரணத்தை இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆற்றில் இல்லாத வெண்நுரை கடலில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நன்னீர்த் தொட்டியில் ஸ்கிம்மர் சரியாக வேலை செய்யாததற்கும் இதுவே பெரிய காரணம்.

இப்போது அந்தத் தோலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மீன் தின்ற மிச்சம், அதன் கழிவு, பவளம் சுரக்கும் கோழை எல்லாம் கரைந்து நீரில் புரதமாகவும் கொழுப்பாகவும் கலக்கின்றன. இவற்றின் மூலக்கூறுகளுக்கு ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரை வெறுக்கும். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைப்பதும் இதே குணத்தால்தான். நீரை வெறுக்கும் முனைக்குக் காற்று கிடைத்தால் அதில் தலையை நுழைத்துக்கொள்ளும். ஆகவே குமிழி ஏறும் வழியில் இவை அதன் தோலில் ஒட்டிக்கொள்கின்றன. குமிழி மேலே போய் நுரையாகும்போது அவையும் நுரையில் சேர்ந்து கிண்ணத்தில் விழுகின்றன. அழுகி அமோனியாவாக மாறுவதற்கு முன்பே கழிவு தொட்டியை விட்டு வெளியேறுகிறது. இதுதான் இந்த முறையின் பெருமை. பஞ்சு வடிகட்டியில் சிக்கும் அழுக்கு நீருக்குள்ளேயே இருந்து அழுகும். ஸ்கிம்மர் கிண்ணத்தில் விழுந்தது திரும்பி வராது.

இதன் எல்லையையும் சொல்லவேண்டும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் பல ஸ்கிம்மர்களைச் சோதித்தார். நீரில் இருந்த கரிமப் பொருளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் அவற்றால் எடுக்க முடிந்தது. மிச்சம் குமிழியின் தோலில் ஒட்டாத வகை. விலை உயர்ந்த கருவி வாங்கினால் எல்லாம் போய்விடும் என்று நினைப்பவர்கள் இந்த முடிவை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் குமிழி நேரடியாக எடுக்காது. தண்ணீர் மாற்றும் வேலையை எந்தக் குமிழியும் நமக்குப் பதிலாகச் செய்யாது.

கிட்ட இருந்து பார்த்தால் இந்த நுரை எவ்வளவு நுட்பமானது என்று தெரியும். நன்றாக நுரை ஏறிக்கொண்டிருக்கும்போது, தேங்காய் எண்ணெய் தடவிய தலையைத் தொட்ட கையைத் தொட்டிக்குள் விட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் கழுத்து வரை நின்ற நுரை சரசரவென்று இறங்கிவிடும். எண்ணெய்ப் படலம் நுரையின் சவ்வை உடைக்கிறது. மீண்டும் நுரை ஏற மணிக்கணக்கில் ஆகலாம். எண்ணெய் அதிகமுள்ள தீனி போட்டாலும் இதே கதைதான். அதனால் தொட்டிக்குள் கை விடுவதற்கு முன் சோப்பு போடாமல் வெறும் வெந்நீரில் நன்றாகக் கை கழுவுங்கள் என்று எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

குமிழி எடுத்துப் போவதைப் பார்த்தோம். கொடுப்பதையும் பார்ப்போம். 25 பாகை வெப்பத்தில் நன்னீர் ஒரு லிட்டரில் எட்டு மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கரைந்திருக்கும். அதே வெப்பத்தில் கடல்நீரில் ஏழுக்கும் குறைவு. வெப்பம் ஏற ஏற அது இன்னும் குறையும். சித்திரை மாதம் நம் ஊரில் தொட்டி நீர் 30 பாகையைத் தொடும்போது, சேமிப்பே இல்லாத குடும்பம் மாதிரி, அன்றன்றைக்கு வருவதை அன்றன்றைக்கே செலவழிக்கும் நிலை. பகலில் பவளத்துக்குள் வாழும் நுண்பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைப் பொழியும். பவளத் திசுவில் நுண்ணிய மின்முனைகளைச் செருகி அளந்திருக்கிறார்கள்: வெளிச்சத்தில் காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், விளக்கை அணைத்தால் சில நிமிடங்களில் ஏறத்தாழப் பூஜ்யம். ஆகவே பவளத்துக்கு இரவு என்பது மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கும் நேரம். அப்போது அதைச் சுற்றியுள்ள நீரில் ஆக்சிஜன் குறையாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

ஆக்சிஜன் குறைந்தால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும்; நமக்குத் தெரிந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு ஏறினால் யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். ஜன்னல் அடைத்து ஏ.சி. போட்ட அறையில் நான்கு பேர் உட்கார்ந்தால் காற்றில் அதன் அளவு பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கைச் சுலபமாகத் தாண்டும். வெளிக்காற்றில் 420 பங்கு அளவில்தான். இரண்டுக்கும் இடையே கடல்நீரின் பிஎச் ஏறத்தாழ 0.3 இறங்கும். பார்க்கச் சின்ன எண். அந்த அளவு இறங்கினால் நீரில் ஹைட்ரஜன் அயனிகள் இரண்டு மடங்காகின்றன என்று பொருள். சுண்ணாம்புக் கூடு கட்டும் பவளத்துக்கு அந்த வேலை அவ்வளவுக்கு அவ்வளவு கடினமாகிறது.

நான் அடிக்கடி கேட்கும் புகார் இது: "ராத்திரி பகலா குமிழி விடுறேன், பிஎச் ஏறவே மாட்டேங்குதே." குமிழி எந்தக் காற்றை எடுத்துப் போகிறது என்று பார்த்தீர்களா? அடைத்த அறையின் காற்றையே அடித்துக்கொண்டிருந்தால் குமிழி கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றாது, உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்கு ஒரு சோதனை. தொட்டி நீரை ஒரு குவளையில் எடுத்து பிஎச் பாருங்கள். மொட்டை மாடியிலோ திறந்த தாழ்வாரத்திலோ வைத்து ஒரு மணி நேரம் ஏர் ஸ்டோன் போட்டுக் குமிழி விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் தொட்டியில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்திருக்கிறது. இதையே அறைக்குள் செய்து எண் ஏறவில்லை என்றால், குற்றம் அறையின் காற்றில். அப்போது ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டால் போதும். ஐம்பது ரூபாய் டியூபில் தீரும் சங்கதிக்கு ஆயிரக்கணக்கில் மருந்து வாங்கி ஊற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொன்னேன்.

இனி, சிலர் செய்யும் புதிய பழக்கம். மரத்தாலான ஏர் ஸ்டோனை நீரோட்டம் கிளம்பும் இடத்துக்கு முன் வைத்து, நுண்குமிழியைப் பவளங்கள் இருக்கும் தொட்டிக்குள்ளேயே பரப்புவது. லைம்வுட் என்று சொல்கிறார்கள். நம் எலுமிச்சைக்கும் அதற்கும் உறவில்லை, ஐரோப்பாவின் லிண்டன் மரம். அதன் நுண்துளைகளில் புகும் காற்று புகைபோல வெளியே வரும். சில வாரங்களில் துளை அடைத்துக்கொள்ளும், மாற்றவேண்டும். இப்படிச் செய்தால் பாறை இடுக்கில் படிந்த கசடு கிளம்புகிறது, பவளம் கோழையை உதறிப் பொலிவடைகிறது என்கிறார்கள்.

இதில் உண்மை இருக்கிறது. குமிழி ஒட்டினால் கசடு மிதக்கும். தாதுவைப் பிரிக்கும் ஆலைகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த முறையில்தான் ஓடுகின்றன. கோழையைப் பற்றியும் அழகான ஆய்வு உண்டு. ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவில் கிறிஸ்டியன் வில்டும் அவர் தோழர்களும் 2004-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பவளங்கள் ஒரு சதுர மீட்டர் பாறைப் பரப்பில் நாளொன்றுக்கு 4.8 லிட்டர் வரை கோழை சுரக்கின்றன. அதில் பாதிக்கு மேல் நீரில் கரைந்துவிடுகிறது. மிச்சம் இழை இழையாக மிதந்து, வழியில் கிடைக்கும் துகள்களையெல்லாம் சிக்கவைத்துக்கொண்டு போகிறது. குமிழி சிக்கிய இழை மேலே மிதந்து வரும். வெண்டைத் தண்டின் கொழகொழப்பு கரும்புச் சாற்றில் செய்வதை, பவளத்தின் கோழை கடலில் செய்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு அந்தக் கொப்பரைதான் கண்முன் வந்தது.

ஆனாலும் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பவளத் தொட்டிக்குள் குமிழி விடுவதானால் விளக்கு அணைந்த பிறகு விடுங்கள். பகலில் அது வெளிச்சத்தைச் சிதறடிக்கும். இரவில் ஓரிரு மணி நேரம் போதும். கடற்பஞ்சு இருக்கும் தொட்டியில் விடவே வேண்டாம். அதன் துளைகளில் காற்று அடைத்துக்கொண்டால் அந்த இடம் அழுகும். பவளத்தின் மேல் ஒட்டிநிற்கும் அசையாத நீர்ப்படலத்தை உடைப்பது நீரோட்டம்தான். குமிழி அதற்கு ஈடாகாது. சுத்தம் செய்யும் குமிழிக்கு இடம் ஸ்கிம்மர்.

எல்லா நுண்குமிழியும் நல்லதல்ல என்பதை நான் பாடம் கற்று அறிந்தேன். என் வீட்டுத் தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீன்கள். ஒருநாள் காலையில் ஒன்றின் கண் பிதுங்கி, கண்ணோரத்தில் வெள்ளை மணி போல ஒரு குமிழி. கிருமி என்று நினைத்து இரண்டு நாட்களை வீணாக்கினேன். மூன்றாம் நாள்தான், பம்ப் நீரை உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் மயிரிழை விரிசல் இருந்ததைக் கண்டேன். அதன் வழியே புகுந்த காற்றைப் பம்ப் அழுத்தி நீரில் கரைத்திருக்கிறது. சோடா பாட்டிலில் நடப்பதேதான். அளவுக்கு மீறிக் கரைந்த காற்று மீனின் ரத்தத்தில் போய்க் குமிழியாகப் பிரிகிறது. அழுத்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு மூழ்குபவர் ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்தால் என்ன ஆகும் என்று தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஏறத்தாழ அதே நோய். விரிசலை அடைத்து, திறந்த நீர்ப்பரப்பில் நன்றாகக் கலக்கிவிட்டதும் அந்த மீன் பிழைத்தது. சாதாரண அழுத்தத்தில் கல் விடும் குமிழியால் இந்த ஆபத்து இல்லை. அழுத்தத்துக்கு உள்ளாகும் குமிழியால்தான் ஆபத்து. அதனால் உங்கள் தொட்டியில் நீங்கள் விடாத நுண்குமிழி தெரிந்தால், அன்றே குழாய்களைச் சோதியுங்கள்.

நம் நாட்டில் இதைக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2001 முதல் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. யானைக்கும் புலிக்கும் உள்ள அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பார்களிலிருந்து ஒரு கிளையை ஒடித்து வீட்டுக்குக் கொண்டுவருவது குற்றம். அது குற்றமாகத்தான் இருக்கவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பவளம் இல்லாமலும் கடல்நீர்த் தொட்டி வைக்கலாம். கோமாளி மீன்களை நம் நாட்டு ஆய்வு நிலையங்களே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கின்றன. கடலிலிருந்து பிடிக்காத, பண்ணையில் பிறந்த குஞ்சுகளைக் கேட்டு வாங்குங்கள். நான் இதுவரை சொன்ன குமிழிக் கணக்கு அந்தத் தொட்டிக்கும் அப்படியே பொருந்தும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் ஊரில் நடுராத்திரியில் கரண்ட் போகும். ஸ்கிம்மரும் பம்ப்பும் நின்றுவிடும். வெதுவெதுப்பான கடல்நீரில் மீன்களும் பவளங்களும் நுண்ணுயிர்களும் சேர்ந்து ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கும். கூட்டம் மிகுந்த தொட்டி சில மணி நேரத்திலேயே மூச்சுத் திணறும். விடிந்து எழுந்து பார்க்கும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். கரண்ட் போனதும் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப் கடைகளில் கிடைக்கிறது. ஸ்கிம்மர் வாங்கப் பணம் சேர்ப்பதற்கு முன் அதை வாங்குங்கள். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அது ஓடுகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.